பதிவேட்டில் இல்லாத பூங்கா: சென்னையின் பூங்காக்களுக்குப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை நகரின் பூங்காக்களையும் பொதுநிலங்களையும் பழமையான இடங்களையும் நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும், அவற்றைப் பற்றி முடிவெடுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும்,

"மேற்கண்ட பெயரில் பூங்கா எதுவும் இவ்வலுவலகப் பதிவேடுகளில் இல்லை என்ற விவரம் தெரிவிக்கலாகிறது." நான் அனுப்பிய மனுவுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஒன்றரை மாதம் கழித்து வந்த பதில் இந்த ஒரு வரிதான். நான் கேட்டிருந்தவை இரண்டே கேள்விகள். 1859இல் உருவாக்கப்பட்ட பீப்பிள்ஸ் பார்க் என்னும் மக்கள் பூங்காவின் எல்லைகளைக் காட்டும் வரைபடம் தங்களிடம் உள்ளதா என்பது ஒன்று. அந்த நிலத்தில் இன்றைக்குக் கட்டடம் எழும்பாமல் திறந்தவெளியாக எஞ்சியிருப்பது எவ்வளவு என்பது மற்றொன்று. மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பியதற்கான ரசீது என் மேசைமேல் இருக்கிறது. அதில் அச்சாகியிருக்கும் அஞ்சலகத்தின் பெயர் பார்க் டவுன். எந்தப் பூங்காவின் பெயரால் ஓர் அஞ்சலகமும், இரண்டு ரயில் நிலையங்களும், நகரின் ஒரு பகுதி முழுவதும் அழைக்கப்படுகின்றனவோ, அந்தப் பூங்கா பதிவேட்டில் இல்லை என்கிறது அந்தப் பதில்.

அந்த வரியைத் தட்டச்சு செய்த ஊழியர்மேல் எனக்குக் கோபமில்லை. தம் முன்னால் இருந்த ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, இல்லாததை இல்லை என்று எழுதியிருக்கிறார். 116 ஏக்கர் பரப்பில் விரிந்திருந்த ஒரு பொதுப் பூங்கா, அதைக் காக்க வேண்டியவர்களின் ஏட்டிலிருந்தே நழுவிப்போகும் அளவுக்கு நடந்துவிட்ட அலட்சியத்தைத்தான் என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மனு எழுதக் காரணமாக இருந்தவள் என் பேத்தி. எட்டு வயது ஆகிறது. தமிழ்ப் பலகைகளைக் கண்டால் எழுத்துக்கூட்டி வாசிக்காமல் விடமாட்டாள். தாம்பரம் பக்கத்திலிருந்து மின்ரயிலில் வந்து இறங்கியபோது, மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் இருந்த 'சென்னை பூங்கா' என்பதை வாசித்துவிட்டு, "தாத்தா, பூங்கா எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். நடைமேம்பாலத்தின்மேல் நிறுத்தி, கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் காட்டினேன். சென்ட்ரலுக்கு அப்பால் தெரிந்த புறநகர் ரயில் நிலையம், விக்டோரியா பொதுமண்டபம், வெள்ளை வெளேரென்ற ரிப்பன் மாளிகை, அதற்குப் பின்னால் நேரு விளையாட்டரங்கத்தின் விளக்குக் கம்பங்கள். இவை நிற்கும் இடமெல்லாம்தான் பூங்கா என்றேன். அவள் நம்பவில்லை. நான் சொல்வதை உறுதிப்படுத்த ஒரு பலகையாவது கிடைக்குமா என்று அன்று மாலை முழுவதும் அவளோடு நடந்தேன். நாங்கள் நடந்த வழியில் எங்கும் அப்படி ஒன்று எங்கள் கண்ணில் படவில்லை.

அவளிடம் சொன்ன வரலாற்றையே இங்கே தங்கள் முன்னும் வைக்கிறேன். 1859இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தவர் சார்லஸ் டிரெவெல்யான். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது அவர் நடந்துகொண்ட விதத்தை அந்நாட்டு மக்கள் இன்றும் கசப்போடுதான் நினைக்கிறார்கள். அவரைப் புகழ்வது என் நோக்கமன்று. ஆனால், சென்னையில் அவர் இருந்த ஓராண்டுச் சொச்ச காலத்தில் செய்த ஒரு காரியம் இந்த ஊரின் ஏழை எளிய மக்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது. கோட்டைக்கு வடக்கே இருந்த கருப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன், மதிலுக்குள் அடைபட்டு, வீட்டோடு வீடு ஒட்டி மூச்சுத் திணறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மேற்கு மதிலின் நினைவுதான் இன்றைய வால்டாக்ஸ் சாலை. மதிலுக்கு வெளியே, பெரியமேட்டுக்கும் வேப்பேரிக்கும் இந்தப் பக்கம் கிடந்த தாழ்வான நிலத்தைத் திருத்தி, அதை யாரும் வந்து காற்று வாங்கக்கூடிய பூங்காவாக்கினார். அதற்கு மக்கள் பூங்கா என்றே பெயரிட்டார்கள். ஆளுநரின் பெயரையோ அரசியின் பெயரையோ சூட்டவில்லை. வருமான வரியை எதிர்த்துத் தாம் எழுதிய குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்ததற்காக 1860இல் டிரெவெல்யான் திரும்ப அழைக்கப்பட்டார். அவர் போனபிறகும் பூங்கா வளர்ந்தது. 116 ஏக்கர், 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்கு உள்சாலைகள், வாத்தியக் குழுவினர் அமர்ந்து வாசிக்க ஒரு மேடை என்று நகர வரலாற்றை எழுதியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பெருந்தோட்டங்களையும் மாளிகைகளையும் வைத்திருந்தவர்களுக்கு இப்படி ஒரு பூங்கா தேவைப்படவில்லை. ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்குத்தான் தேவைப்பட்டது. இன்றைக்கும் அப்படித்தான்.

பூங்காவின் உயிராக இருந்தது மிருகக்காட்சி சாலை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பால்ஃபர் 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே அதைத் தொடங்கினார். பிறகு இடம் போதாமல் அது மக்கள் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. ஊர்மக்கள் இந்த இரண்டுக்கும் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பாடம் செய்த விலங்குகள் இருந்த அருங்காட்சியகம் செத்த காலேஜ். மூச்சுவிடும் விலங்குகள் இருந்த மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். காணும் பொங்கலன்று செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இரண்டு காலேஜையும் பார்க்காமல் திரும்பமாட்டார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத என் பாட்டி, "நான் ரெண்டு காலேஜுக்குப் போனவ" என்று கடைசிவரை பெருமையோடு சொல்வார்.

அவர் கை பிடித்துக்கொண்டுதான் அறுபதுகளில் நான் அங்கே போனேன். சூளையிலிருந்து நடக்கும் தூரம்தான். தூக்குவாளியில் புளியோதரையும், மந்தாரை இலையில் கட்டிய துவையலும் இருக்கும். சிங்கக் கூண்டின் முன்னால் ஒவ்வொரு முறையும் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. அங்கேயுள்ள சிங்கங்கள் எல்லாம் நவாபு வளர்த்த சிங்கத்தின் வாரிசுகள். நவாபின் ராஜ்யம் போனபோது, சோறு போட ஆளில்லாமல் அவற்றை அவர் ஊர் மக்களிடம் ஒப்படைத்துவிட்டார். அதனால்தான் அவை மேற்கே பார்த்துப் படுப்பதில்லை, சேப்பாக்கம் அரண்மனை இருக்கும் திசையைப் பார்த்தே படுக்கின்றன என்பார். பாட்டி கட்டிய கதை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆசிரியர் வேலைக்கு வந்து, நகர வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், கர்நாடக நவாபிடம் பேசி அவர் வளர்த்துவந்த விலங்குகளைப் பால்ஃபர் பெற்றார் என்பதும், அந்த விலங்குகளே மிருகக்காட்சி சாலைக்கு அடித்தளமாயின என்பதும் தெரியவந்தன. சிங்கம் எந்தத் திசை பார்த்துப் படுத்தது என்பது கதை. நவாபின் விலங்குகள் மக்களின் சொத்தானது வரலாறு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்தறியாத பெண்கள் வாய்வழியாகக் காப்பாற்றி வைத்திருந்த ஒரு செய்தியை, ஏடுகளைக் கையில் வைத்திருப்பவர்கள் தொலைத்துவிட்டோம் என்பதைத் தாங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

1985இல் வண்டலூரில் பெரிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. இரைச்சலுக்கு நடுவே கூண்டுகளில் அடைபட்டிருந்த விலங்குகளுக்கு அது நல்லதே என்பதில் எனக்கு ஐயமில்லை. விலங்குகள் போன பிறகு அந்த நிலம் மீண்டும் மரமும் நிழலுமாக மக்களிடம் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இந்தப் பூங்காவின் வரலாற்றில் பேசவே படாத ஒரு நாள் இருக்கிறது. 1886 டிசம்பர் 31. ஆண்டின் இறுதியில் பூங்காவில் பெரிய பொருட்காட்சி நடப்பது வழக்கம். அன்று மக்கள் திரண்டிருந்த வேளையில் தீப்பற்றியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இந்த நகரம் கண்ட மிகக் கொடிய தீ விபத்துகளில் ஒன்று அது. பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் வீடு திரும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் அதன் தழும்பு ஒரு வழக்கமாகத் தங்கிப்போனது. வருடத்தின் கடைசி நாளில் பாட்டி எங்களைப் பூங்காப் பக்கம் விடமாட்டார். அன்று அந்தி சாயும் நேரத்தில் வாசலில் ஓர் அகல் ஏற்றி வைப்பார். யாருக்கு என்று கேட்டால், "பார்க்குல வெந்தவங்களுக்கு" என்பார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அம்மா. மாண்டவர்களின் பெயர்கள் பாட்டிக்குத் தெரியாது, ஆண்டும் தெரியாது. விளக்கு மட்டும் தெரியும். இன்று புத்தாண்டு இரவில் அதே நிலத்தின் ஓரமாக ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கடந்துபோகிறார்கள். அவர்கள் கண்ணில் படும் இடத்தில் அந்த நாளைப் பற்றி ஒரு வரி இருக்க வேண்டாமா?

பூங்கா குறைந்த வரலாறு ஒரே நாளில் நடந்ததன்று. ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் சொல்லப்பட்டது. முதலில் விக்டோரியா பொதுமண்டபம் வந்தது. விஜயநகர மகாராஜாவும் மற்றவர்களும் பொருளுதவி செய்ய, 1880களில் எழுந்த அந்த மண்டபத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்களை நடத்தியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1898இல் மூர் மார்க்கெட்டுக்கு அடிக்கல் நாட்டி 1900இல் திறந்தார்கள். 1913இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. பிறகு விளையாட்டரங்கம் வந்தது. 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்து, அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் முறியடிக்காத சாதனையைப் படைத்தது அங்கேதான். 1993இல் அதையே மாற்றி எழுப்பி இன்றைய நேரு விளையாட்டரங்கம் ஆக்கினார்கள். ரயில்வேக்கு ஒரு பங்கு, நீதிமன்றத்துக்கு ஒரு பங்கு, கடைகளுக்கு ஒரு பங்கு, அண்மையில் மெட்ரோவுக்கு ஒரு பங்கு. தனித்தனியே பார்த்தால் எதுவும் அநியாயமாகத் தோன்றாது. சேர்த்துக் கூட்டிப் பார்க்க ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத்தான் என் மனுவில் கேட்டிருந்தேன்.

மூர் மார்க்கெட்டைப் பற்றி என்னால் தள்ளி நின்று எழுத முடியாது. தாய் தகப்பனைத் தவிர எல்லாம் அங்கே கிடைக்கும் என்பார்கள். என் அப்பாவுக்கு அங்கே நான்கடி அகலத்தில் ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில், வாங்கிய விலையைத் தமக்கு மட்டும் விளங்கும் எழுத்துகளில் பென்சிலால் குறித்து வைப்பார். பேரம் பேசுகிறவர்களிடம் எதுவரை இறங்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பேராசிரியர்களும் வருவார்கள், பெரியமேட்டுத் தோல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களும் தம் பிள்ளைகளுக்குப் பாதி விலையில் பாடப் புத்தகம் கேட்டு வருவார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரம்தான் அவருக்கு அறுவடைக் காலம். அதற்காக மே மாதம் முழுவதும் கடன் வாங்கிப் புத்தகங்களை வாங்கிச் சேர்ப்பார்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. மறுநாள் காலை அப்பாவோடு நானும் போனேன். எங்கள் கடை இருந்த இடத்தில் சாம்பல் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. பக்கம் பக்கமாக அப்படியே கறுத்துப்போன புத்தகங்கள், எழுத்துகூடத் தெரிந்தது, கைபட்டதும் பொடியாயின. அப்பா அந்தச் சாம்பலைக் கிளறித் தம் திண்டுக்கல் பூட்டைக் கண்டெடுத்தார். இடுப்பில் இருந்த சாவியை எடுத்து அதில் நுழைத்துப் பார்த்தார். பாதிதான் நுழைந்தது. திரும்பவில்லை. நின்றுகொண்டு இரண்டு மூன்று முறை முயன்றார். கடையே இல்லாத இடத்தில் பூட்டை ஏன் திறக்க நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பூட்டு இன்றும் என் வீட்டில் இருக்கிறது, சாவி பாதி நுழைந்தபடி. தீ தானாகப் பிடித்ததா என்று வணிகர்கள் அன்று தங்களுக்குள் பேசிக்கொண்டது இன்றுவரை பேச்சாகவே நிற்கிறது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையமும் முன்பதிவுக் கட்டடமும் எழுந்தன. ரயிலின் பெயர்ப் பலகையிலும் கால அட்டவணையிலும் மூர் மார்க்கெட் வளாகம் என்ற பெயர் இன்றும் வருகிறது. எரிந்த கட்டடத்தின் சிறிய மாதிரி ஒன்று அந்த வளாகத்திலேயே நிற்கிறது. வண்டிகளுக்கு நடுவே நிற்கும் அதை என்னவென்று கேட்டு யாராவது நின்று நான் பார்த்ததில்லை.

வணிகர்களுக்கு மாற்று இடம் கொடுத்தார்கள். அது அல்லிக்குளம் வணிக வளாகம். அப்பா சிறுவனாக இருந்தபோது அல்லி பூத்துக் கிடந்த குளம், பூங்காவின் குளங்களில் ஒன்று, அதன்மேல் எழுந்ததுதான் அந்தக் கட்டடம். இன்று அந்தப் பக்கத்தில் வழக்காட வருகிறவர்கள் 'அல்லிக்குளம் கோர்ட்டு' என்கிறார்கள். பூங்காவில் பூங்கா இல்லை, அல்லிக்குளத்தில் அல்லியும் இல்லை குளமும் இல்லை, மூர் மார்க்கெட்டில் மார்க்கெட் இல்லை. பெயர்களை மட்டும் மக்கள் விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

குளங்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழகுக்காக மட்டும் பதினோரு குளங்களை ஒரே பூங்காவுக்குள் யாரும் வைத்திருக்கமாட்டார்கள். அது தாழ்ந்த நிலம். ஒரு பக்கம் கூவம், இன்னொரு பக்கம் கால்வாய். வடகிழக்குப் பருவமழையில் சுற்றுவட்டாரத்துத் தண்ணீர் வந்து நிற்க அந்தக் குளங்கள் இடம் கொடுத்தன. நான் சிறுவனாக இருந்தபோது ஐப்பசி மழைக்குப் பின் குளங்கள் நிரம்பியிருப்பதைப் பார்க்க எங்களை அழைத்துப்போவார்கள். இப்போது அதே மழைக்குச் சைடன்ஹாம்ஸ் சாலையில் முழங்காலளவுத் தண்ணீரில் நடந்து நான் வீடு திரும்பியிருக்கிறேன். தண்ணீர் வழி மறக்கவில்லை. அதற்கு ஒதுக்கியிருந்த இடத்தில்தான் நாம் உட்கார்ந்துவிட்டோம். மோட்டார் வைத்து இறைப்பதற்கு ஆண்டுதோறும் செலவிடுவதை விட, அங்கே இருந்த ஒரு குளத்தையாவது மீண்டும் தோண்ட முடியுமா என்று தங்கள் பொறியாளர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

இன்று பூங்கா என்று சொல்லத்தக்கதாக எஞ்சியிருப்பவை பெரியமேட்டுப் பக்கத்து மை லேடீஸ் பூங்காவும், கட்டடங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் சில துண்டு நிலங்களும்தான். விடியற்காலையில் மை லேடீஸ் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். சூளை, பெரியமேடு, புளியந்தோப்புப் பகுதிகளிலிருந்து சர்க்கரை நோயாளிகளான முதியவர்களும், வேலைக்குப் போகுமுன் பத்து நிமிடம் நடக்க வரும் பெண்களும் அங்கே இருப்பார்கள். வீட்டுக்குள் கை நீட்டிச் சோம்பல் முறிக்கக்கூட இடமில்லாதவர்கள் அவர்கள். டிரெவெல்யான் காலத்தில் யாருக்காகப் பூங்கா அமைந்ததோ அதே மக்களின் வழிவந்தவர்கள். இந்த வட்டாரத்தில் திறந்தவெளியாகக் கிடந்த ஒரு மூலையில் சில மாதங்களுக்கு முன் ஜல்லியும் இரும்புக் கம்பியும் வந்து இறங்கின. பிறகு தகரத்தால் அடைத்தார்கள். விசாரித்தபோது அங்கிருந்த காவலாளி, "தற்காலிகம்தான் சார்" என்றார். தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டு நான் நிம்மதி அடைய முடியாது. இந்தப் பூங்காவிலிருந்து தற்காலிகமாக எடுத்த எந்தத் துண்டும் என் வாழ்நாளில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பூங்காவின் பெயரே ஏட்டில் இல்லாதபோது, எந்த நிலம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று யார் கேட்க முடியும்? பதிவேட்டில் இல்லை என்ற ஒரு வரியைப் பார்த்து நான் இவ்வளவு கலங்கியதற்கு இதுதான் காரணம்.

நகரம் வளர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரயில் வேண்டும், மெட்ரோ வேண்டும், நீதிமன்றமும் வேண்டும். நானும் அந்த ரயிலில்தான் வருகிறேன். எழுந்த கட்டடம் எதையும் இடிக்கும்படி கேட்கவுமில்லை. ரிப்பன் மாளிகையும் விக்டோரியா மண்டபமும் இப்போது பூங்காவைப் போலவே பழமையின் பகுதியாகிவிட்டன. விக்டோரியா மண்டபத்தைப் புதுப்பிக்கப் பெரும்பணம் செலவிட்டதை மனமார வரவேற்கிறேன். செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் காட்டிய அந்த அக்கறையை, அந்தக் கட்டடம் நிற்கும் மண்ணுக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். பழமை என்றால் கோபுரமும் வளைவும் மட்டுமே என்று நாம் பழகிவிட்டோம். ஒரு புல்வெளியும் ஒரு குளமும் நூற்றைம்பது ஆண்டு மக்கள் கால் பதித்த நடைபாதையும் அதே அளவுக்குப் பழமையான செல்வங்கள்தாம்.

என் கோரிக்கைகளைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

மக்கள் பூங்கா என்ற பெயர் தங்கள் பதிவேட்டில் ஏற வேண்டும். பழைய நில அளவை வரைபடங்களை ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்து, பூங்காவின் முதல் எல்லையையும், எந்த ஆண்டில் எந்தப் பகுதி எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும், இன்று எஞ்சியிருப்பதையும் ஒரே வரைபடத்தில் குறித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மற்ற கோரிக்கைகளையெல்லாம் விட இதுவே முதன்மையானது. இது நடந்தால் மற்றவற்றைக் கேட்க மக்களே வருவார்கள்.

அந்த வரைபடத்தில் திறந்தவெளியாகத் தெரியும் நிலத்தில் இனி நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ எந்தக் கட்டுமானத்துக்கும் இடம் தருவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தவிர்க்கவே முடியாத பொதுப்பணி ஒன்று வந்தால், எத்தனை மாதத்தில் நிலம் திரும்பும் என்று எழுதிய பலகையை அந்தத் தகர அடைப்பின்மேலேயே வைக்க வேண்டும். தவணை முடிந்த நாளில் அடைப்பை அகற்ற வேண்டும். மேலே நான் குறிப்பிட்ட மூலையிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

பூங்கா ரயில் நிலையத்தின் வாசலிலும், அல்லிக்குளம் வளாகத்திலும், மூர் மார்க்கெட் மாதிரியின் அருகிலும், மை லேடீஸ் பூங்காவின் வாயிலிலும், எட்டு வயதுக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படித்தால் புரியும் தமிழில் வரலாற்றுப் பலகைகள் வைக்க வேண்டும். அவற்றில் ஆளுநர்களின் பெயர்களோடு நிறுத்திவிடாமல் உயிர் காலேஜையும் செத்த காலேஜையும் எழுதுங்கள். நவாபின் சிங்கத்தையும் எழுதுங்கள். ஆவணத்தில் இருப்பதை வரலாறு என்றும், மக்கள் சொல்வதைக் கதை என்றும் பிரித்தே எழுதலாம். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

1886 டிசம்பர் 31 அன்று மாண்டவர்களுக்காக, ஆண்டுதோறும் அந்த மாலையில் பூங்காவில் ஒரு விளக்கு ஏற்றப்பட வேண்டும். பெரிய விழா வேண்டாம், மேடை வேண்டாம். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர் வந்து ஏற்றினால் போதும்.

மிருகக்காட்சி சாலையில் வேலை பார்த்தவர்கள், மூர் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர்கள், குளத்தில் படகு விட்டவர்கள் என்று இந்தப் பூங்காவை நேரில் அறிந்தவர்கள் இன்னும் சிலர் சூளையிலும் பெரியமேட்டிலும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுபது, எண்பது வயது. அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய இந்த ஆண்டே ஆளனுப்புங்கள். வீடு வீடாக வழிகாட்ட நான் வருகிறேன். எனக்குச் சம்பளமோ வாகனமோ வேண்டாம். அப்பாவின் பூட்டையும் சாவியையும் அத்தகைய சேகரிப்புக்குக் கொடுத்துவிடச் சித்தமாக இருக்கிறேன்.

முதல் மனுவில் கேட்ட இரண்டு கேள்விகளையும் அப்படியே மீண்டும் எழுதி, பழைய ரசீதின் நகலோடு, அதே பார்க் டவுன் அஞ்சலகத்திலிருந்து இன்று மறுபடியும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வரைபடத்தை இணைத்துப் பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சூளையில் பிறந்து வளர்ந்த ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்